ஒரே எண்ணில் ஒருவருடைய நம்பகம் அடங்குமா? எங்கள் தரவரிசையை மாற்ற உதவி தேவை

நெசவாளி | திங்கள், காலை 8:40

வணக்கம். நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கேள்வி-பதில் வலையமைப்பைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறோம். கணினியில் சிக்கல் என்று வருகிறவர்களுக்கு, தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். பதில் பயன்பட்டால் ஒரு வாக்கு. வாக்குகளைக் கூட்டினால் எழுதியவரின் மதிப்பெண். மதிப்பெண் அதிகம் உள்ளவரின் பதில் மேலே வரும். நூறு பேர் இருந்தவரை இதில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

போன மாதம் ஒருவர், பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி என்று கேட்டார். முதலில் நின்ற பதிலில் இருந்தது டிஸ்க்கையே அழித்து எழுதுகிற கட்டளை. அவர் அதை அப்படியே ஓட்டிவிட்டார். இறந்துபோன அப்பாவின் புகைப்படங்கள் அதில் இருந்தனவாம். பதில் எழுதியவர் எங்கள் பட்டியலில் நான்காம் இடம். அவருக்கு வந்த வாக்குகளைத் தோண்டிப் பார்த்தோம். பெரும்பகுதி ஏறத்தாழ நாற்பது கணக்குகளிலிருந்து வந்தவை. அந்த நாற்பதும் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி வாக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. சரியான பதில் மூன்றாவதாகக் கிடந்தது. எழுதியவர் புதியவர், வாக்கு இரண்டு.

"மேலே இருந்தது, அதனால் நம்பினேன்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார் அந்த மனிதர். பதில் எழுதியவரை அவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் போட்ட வரிசையைத்தான் நம்பியிருக்கிறார். அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் கணக்குகளை நீக்கிவிட்டோம். நாளைக்கு வேறு நாற்பது வரும். வரிசைப்படுத்தும் முறையையே மாற்ற வேண்டும். இதில் கை வைத்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி | திங்கள், காலை 9:05

கூட்டுத்தொகையை விட்டுவிட்டுச் சராசரி வையுங்கள். நிறைய எழுதுகிற ஒரே காரணத்துக்காக ஒருவர் மேலே போவது நின்றுவிடும்.

எண்சுவடி | திங்கள், காலை 9:48

சராசரி வைத்தால் வேறொரு பக்கம் இடிக்கும். ஐந்து பேர் பார்த்து ஐந்து பேரும் நல்லது என்றால் 100 சதவீதம். நூறு பேர் பார்த்து 95 பேர் நல்லது என்றால் 95 சதவீதம். யாரை மேலே வைப்பீர்கள்? ஐந்து பேர் சொன்னதை வைத்து அவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

இதற்கு எளிய வழி, எல்லோருக்கும் தொடக்கத்திலேயே ஒரு நல்ல வாக்கு, ஒரு கெட்ட வாக்கு இருப்பதாக வைத்துக்கொள்வது. முதலாமவர் 7க்கு 6, அதாவது 0.86. இரண்டாமவர் 102க்கு 96, அதாவது 0.94. வரிசை சரியாகிவிடும். 2002இல் வந்த பீட்டா நற்பெயர் முறையின் சாரம் இதுதான். இன்னும் கறாராக வேண்டுமென்றால் எட்வின் வில்சன் 1927இல் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. கையில் இருக்கும் வாக்குகளை வைத்து "உண்மையான தரம் இதற்குக் கீழே போக வாய்ப்பு மிகக் குறைவு" என்று சொல்லக்கூடிய கீழ் எல்லையை அது தரும். 95 சதவீத உறுதிக்கு முதலாமவருக்கு 0.57, இரண்டாமவருக்கு 0.89 வரும். ரெட்டிட்டில் 2009இல் பின்னூட்டங்களுக்கு வந்த 'சிறந்தவை' வரிசை இந்தக் கீழ் எல்லையைத்தான் பயன்படுத்தியது.

நெசவாளி | திங்கள், காலை 10:20

நன்றி எண்சுவடி. குறைந்த வாக்கு உள்ளவர்களை எப்படி வைப்பது என்பது இப்போது புரிகிறது, அதை உடனே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் என் நாற்பது கணக்குக்காரர் இதிலும் தப்பிவிடுவாரே? நாற்பதுக்கு நாற்பது என்றால் உங்கள் கணக்கில் 42க்கு 41, அதாவது 0.98. நேர்மையாக எழுதி நூற்றுக்கு 95 வாங்கியவரைத் தாண்டிப் போகிறார்.

எண்சுவடி | திங்கள், காலை 10:31

ஆமாம். ஒவ்வொரு வாக்கும் தனித்தனி மனிதரிடமிருந்து வருகிறது என்ற அனுமானத்தில்தான் இந்தச் சூத்திரங்கள் எல்லாம் நிற்கின்றன. அந்த அனுமானம் உடைந்தால் சூத்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வளர்பிறை | திங்கள், மாலை 6:15

வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். இந்த விஷயத்தில் சில வருடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"யார் வாக்குப் போட்டார்கள்" என்பதைக் கணக்கில் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் அடுத்துத் தோன்றும் யோசனை. மதிப்புள்ளவர் போடும் வாக்குக்கு மதிப்பு அதிகம். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட, கூகுள் தேடலுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் இதைத்தான் செய்தது. முக்கியமான பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கின்றனவோ அது முக்கியமான பக்கம். சுற்றிச் சுற்றி வரும் இந்த வரையறையை, எண்கள் நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் தீர்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு லிங்க் லிங்க்காகப் போகிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 85 சதவீத நேரம், தான் இருக்கும் பக்கத்தின் லிங்க் ஒன்றைப் பிடித்துப் போவார், மீதி 15 சதவீத நேரம் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவார். அவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்பாரோ அதுவே அதன் மதிப்பு.

ஓட்டை அந்தத் தாவலில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் தாவலாம் என்றால், ஆயிரம் போலிப் பக்கம் செய்து வைத்தவரின் வலைக்குள்ளும் தாவுவார். அந்த ஆயிரமும் ஒரே பக்கத்தைக் காட்டினால் அது மேலே ஏறிவிடும்.

2003இல் ஸ்டான்ஃபோர்டில் மூவர் எழுதிய ஈகன்டிரஸ்ட் இதே கணக்கை, கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்பு பகிர்ந்த வலையமைப்புகளுக்குக் கொண்டுவந்தது. அங்கே ஒரு பெயரைப் போட்டு உள்ளே வேறு குப்பையை அனுப்புகிறவர்கள் நிறைய இருந்தார்கள். ஈகன்டிரஸ்ட் எழுதிய மூவரும் செய்த பெரிய மாற்றம் அந்தத் தாவலில்தான்: எங்கே வேண்டுமானாலும் என்பதை விட்டு, முன்கூட்டியே நம்பப்பட்ட சிலரிடம் மட்டும் தாவ வைத்தார்கள். அடுத்த வருடம் தேடுபொறி ஸ்பேமுக்கு எதிராக வந்த டிரஸ்ட்ரேங்கும் அப்படித்தான். மனிதர்கள் கையால் சரிபார்த்த 178 தளங்களை விதைகளாக வைத்து, அங்கிருந்து லிங்க் வழியாக நம்பகம் எவ்வளவு தூரம் கசிகிறது என்று பார்த்தார்கள்.

விதை என்ற இந்த யோசனை வெறும் ஒட்டுவேலையாகத் தெரியலாம். அது இல்லாமல் முடியவே முடியாது என்று கணக்கிலேயே நிறுவியிருக்கிறார்கள். ஒரே ஆள் பல முகம் காட்டி ஏமாற்றுவதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். 2002இல் ஜான் டவ்சர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. யார் யார் என்று சான்று தரும் மைய அமைப்பு ஒன்று இல்லாத இடத்தில் இதை முழுக்கத் தடுக்க முடியாது என்பது அவர் கண்டது. பிறகு 2005இல் செங், ஃப்ரீட்மன் என்ற இருவர் இன்னொன்றை நிறுவினார்கள். எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் எந்த முறையும், என்ன சூத்திரம் வைத்தாலும், போலிக் கணக்குகளுக்கு இடம் கொடுத்தே தீரும். யாரோ ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் தடுக்க வழி பிறக்கிறது.

அதனால் நெசவாளி, உங்கள் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் பதில் இது. "இவர் எவ்வளவு நம்பகமானவர்" என்பது பாதிக் கேள்வி. "யார் பார்வையில்" என்பதையும் சேர்த்தால்தான் அதற்கு விடை இருக்கும்.

கடலோடி | திங்கள், இரவு 7:02

வளர்பிறை அக்கா, அந்த 2005 விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. என்ன சூத்திரம் வைத்தாலும் முடியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வளர்பிறை | திங்கள், இரவு 7:40

நிரூபணத்தின் கரு ரொம்பச் சின்னது தம்பி. உங்கள் வலையமைப்பைத் தாளில் வரையுங்கள். ஆளுக்கு ஒரு புள்ளி, வாக்குக்கு ஒரு அம்பு. முதலிடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. இப்போது நான் கெட்ட எண்ணத்தோடு வருகிறேன். அந்தப் படம் முழுவதையும் என் போலிக் கணக்குகளால் பக்கத்திலேயே அச்சு அசலாக நகல் எடுத்து வரைகிறேன். நகலிலும் முதலிடத்தில் ஒரு புள்ளி இருக்கும், அது என் கணக்கு. பெயரைப் பார்க்காமல் அம்புகளை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு எது அசல், எது நகல் என்று எப்படித் தெரியும்? தெரியாது. எனக்கும் அதே முதலிடத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"இந்தப் புள்ளி நான், நான் இங்கே நிற்கிறேன்" என்று ஒரு இடத்தில் விரலை வைத்துவிட்டால் நகல் அந்தக் கணமே அநாதை. என் விரலிலிருந்து அந்தப் பக்கம் ஒரு அம்புகூடப் போகவில்லையே.

நடைமுறையில் ஒன்றிரண்டு அம்புகள் போகத்தான் செய்யும். யாராவது ஏமாந்து ஒரு போலிக்கு வாக்குப் போட்டிருப்பார். அதற்குத்தான் தண்ணீர்க் குழாய்க் கணக்கு. 1999இல் ராஃப் லெவியன் தொடங்கிய அட்வகாட்டோ என்ற நிரலாளர் வலையமைப்பு இதை நிஜமாகவே ஓட்டிப் பார்த்தது. விதை உறுப்பினர்களிடமிருந்து தண்ணீர் திறந்துவிடுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வழியாகவும் இவ்வளவுதான் பாயலாம் என்று அளவு உண்டு, தூரம் போகப் போக அளவு குறையும். தண்ணீர் எட்டியவர் உள்ளே. போலிகள் பக்கம் ஐந்நூறு கணக்கு இருந்தாலும் ஐந்து லட்சம் இருந்தாலும், நம் பக்கத்திலிருந்து அங்கே போகிற குழாய் மூன்றுதான் என்றால் அந்த மூன்றில் கசிகிற அளவுதான் அங்கே போகும். ஏமாற்ற நினைப்பவர் கணக்குகளைப் பெருக்கிப் பயனில்லை, நிஜ மனிதர்களை ஒவ்வொருவராக ஏமாற்ற வேண்டும். அது கஷ்டமான வேலை.

கடலோடி | திங்கள், இரவு 7:51

இப்போது நன்றாகப் புரிந்தது. நகல் எடுக்கும் யோசனையை இனி மறக்க மாட்டேன்.

தச்சன்மகள் | செவ்வாய், காலை 6:30

இரவு முழுக்க இதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன். நான் அந்த "நாற்பது கணக்கில்" ஒருத்தியாக இருந்தவள். இங்கே அல்ல, வேறொரு தளத்தில்.

நாங்கள் இருபத்திரண்டு பேர், எல்லோரும் பெண்கள். படிப்பை நிறுத்திப் பல வருடம் ஆன பிறகு ஒரே ஆசிரியரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டோம். அவர் சொல்லித்தான் ஒரே வாரத்தில் எல்லோரும் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினோம். ஒருத்தி பதில் எழுதினால் மற்றவர்கள் படிப்போம், ஓட்டிப் பார்ப்போம், சரியாக இருந்தால் வாக்குப் போடுவோம். வெளியாட்கள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை, எங்களுக்கும் வெளியாட்களை அவ்வளவு பழக்கமில்லை. நான்கு மாதத்தில் ஒரு நாள் காலை, எல்லோருடைய மதிப்பெண்ணும் பூஜ்யம். "வாக்கு மோசடி வளையம்" என்று ஒரு வரி அறிவிப்பு. விளக்கம் கேட்டு மூன்று முறை எழுதினோம். கணினிதான் கண்டுபிடித்தது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

எங்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு எங்கேயும் எழுதவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம் என்று வைத்திருந்த புரோஃபைல் அது. ஒரு தோழி, தான் நிஜமாகவே ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நம்பத் தொடங்கினாள்.

வளர்பிறை சொல்லும் தண்ணீர் எங்களுக்கு எந்தக் குழாய் வழியாக வந்திருக்கும்? விதை உறுப்பினர்கள் யாருக்கும் எங்களைத் தெரியாதே.

வளர்பிறை | செவ்வாய், காலை 7:55

தச்சன்மகள், உங்களுக்கும் உங்கள் தோழிகளுக்கும் நடந்தது அநியாயம். நான் நேற்று எழுதியதில் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2006இல் சிபில்கார்டு என்றொரு முறை வந்தது, அடுத்து 2008இல் சிபில்லிமிட், பிறகு இதே வகையில் வேறு சில. உண்மையான மனிதர்களின் வலையமைப்பு ஒன்றோடொன்று நன்றாகக் கலந்திருக்கும், போலிகள் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2010இல் ஒரு குழு இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துச் சோதித்தது. வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், உள்ளே எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கண்டார்கள்: விதையைச் சுற்றி நெருக்கமாக இருக்கும் சமூகத்தைக் கண்டுபிடித்து, அதற்கு வெளியே இருப்பவர்களைக் கீழே தள்ளுகின்றன. வெளியே இருப்பது போலியா, வேறொரு நேர்மையான சமூகமா என்று பிரித்துச் சொல்ல அவற்றுக்கு வழியில்லை.

உங்கள் இருபத்திரண்டு பேரும் நெசவாளியின் நாற்பது கணக்கும் படத்தில் வரைந்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். அம்புகளை மட்டும் பார்க்கும் எந்த நிரலாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதை நிரூபணமாக எடுத்துக்கொண்டு தண்டனை கொடுத்ததுதான் அந்தத் தளம் செய்த தவறு.

நெசவாளி | செவ்வாய், காலை 8:30

தச்சன்மகள், இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. நேற்று இரவு நான் எழுதத் தொடங்கிய நிரல் நீங்கள் சொன்ன அதே வேலையைத்தான் செய்திருக்கும். வளையம் தெரிந்தால் பூஜ்யம். நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஹார்ட் டிஸ்க் இழந்தவரும் கண் முன்னால் நிற்கிறார். இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்காமல் எப்படிச் செய்வது?

பழைய மட்டுறுத்துநர் | செவ்வாய், பகல் 1:10

பதினைந்து வருடம் ஒரு பெரிய விவாத மன்றத்தைக் கவனித்துக்கொண்டவன். எனக்குக் கணிதம் அவ்வளவு வராது. மனிதர்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் எப்படி மாறுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மதிப்பெண் உதவத்தான் செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஈபேயில் ஒரு ஆய்வு செய்தார்கள். நல்ல பெயர் எடுத்த ஒரு பழைய அஞ்சலட்டை வியாபாரி, தன் பழைய கணக்கிலும் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் ஒரே மாதிரிச் சரக்கை விற்றுப் பார்த்தார். பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்த 8.1 சதவீதத்துக்காகத்தான் ஒருவர் ஒழுங்காக நடந்துகொள்கிறார்.

அதே ஈபேயில் ஆரம்ப காலத் தரவைப் பாருங்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர்தான் கருத்து எழுதினார்கள், எழுதியதில் 99 சதவீதம் நல்ல கருத்து. எல்லோரும் அவ்வளவு நல்லவர்களா? விற்றவரும் வாங்கியவருக்கு மதிப்பெண் போடலாம் என்று இருந்தது. நீ என்னைக் குறை சொன்னால் நானும் உன்னைக் குறை சொல்வேன். பயத்தில் மௌனம். 2008இல்தான் விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் கெட்ட மதிப்பெண் போடும் உரிமையை எடுத்தார்கள்.

ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில், உறுப்பினரின் மதிப்பைக் காட்ட கர்மா என்று ஒரு எண் இருந்தது. அதை ஏற்றுவதே விளையாட்டாகிவிட்டது என்று உச்சவரம்பு வைத்தார்கள், அப்புறம் எண்ணையே மறைத்து "நன்று", "மிக நன்று" என்கிற மாதிரிச் சொற்களாக்கிவிட்டார்கள். என் மன்றத்திலும் இதைச் செய்தேன். எண் மறைந்த ஒரு மாதத்தில் சண்டை பாதியாகக் குறைந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

நெசவாளி, உள்ளே எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் கணக்குப் போடுங்கள். வெளியே 4,217 என்று எழுதிக் காட்டாதீர்கள்.

எண்சுவடி | செவ்வாய், பகல் 2:35

எண்ணை மறைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2013இல் சயன்ஸ் இதழில் ஒரு சோதனை வந்தது. ஒரு செய்தித் தளத்தில் புதிதாக வந்த பின்னூட்டங்களில் சிலவற்றுக்கு, குலுக்கல் முறையில், ஆராய்ச்சியாளர்களே ஒரு மேல்வாக்குப் போட்டு வைத்தார்கள். ஒன்றே ஒன்றுதான். அடுத்துப் பார்ப்பவர் மேல்வாக்குப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. முடிவில் அந்தப் பின்னூட்டங்களின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் அதிகம். கீழ்வாக்குப் போட்டு வைத்தவற்றில் அந்தச் சரிவு தொடரவில்லை. பார்த்தவர்கள் மேல்வாக்குப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள்.

அதாவது முதல் வாக்கு யாருடையதாக இருந்தாலும் அது பின்னால் வருகிறவர்களையும் இழுத்துவிடுகிறது. நாற்பது போலி வாக்கு விழுந்த பிறகு நேர்மையானவர்களும் அங்கே போட்டிருப்பார்கள். முதல் சில மணி நேரமாவது வாக்கு எண்ணிக்கையைக் காட்டாமல் இருங்கள்.

ஆற்றங்கரை | செவ்வாய், மாலை 5:20

நம்பாதவர்களின் பட்டியலையும் வாங்கலாமே? "இவரை நான் நம்பவில்லை" என்று பத்துப் பேர் சொன்னால் அவர் போட்ட வாக்குகளை மைனஸாக எடுத்துக்கொள்ளலாம்.

வளர்பிறை | செவ்வாய், இரவு 8:00

வேண்டாம் ஆற்றங்கரை. நம்பகம் கைமாறும், அவநம்பிக்கை அப்படிக் கைமாறாது. நான் நம்புகிறவர் நம்புகிறவரை நானும் ஓரளவு நம்பலாம். நான் நம்பாதவர் யாரை நம்பவில்லையோ அவர் எனக்கு நண்பரா, இன்னும் மோசமானவரா? இரண்டுமே இருக்கலாம். பொருட்களைப் பற்றி விமர்சனம் எழுதும் எபினியன்ஸ் தளத்தின் 1,30,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொடுத்த நம்பக, அவநம்பிக்கைக் குறிகளை வைத்து 2004இல் ஆராய்ந்தார்கள். அவநம்பிக்கையை ஒரே ஒரு படி மட்டும் எடுத்துக்கொள்வது, அதாவது ஒருவரை நம்பாவிட்டால் அவர் பேச்சை ஒதுக்கிவிட்டு அத்தோடு நிறுத்துவதுதான் சிறப்பாக வேலை செய்தது. மைனஸ் கொடுத்தால் அதுவே ஆயுதமாகிவிடும். நாற்பது கணக்கு சேர்ந்து ஒரு புதியவரைப் புதைத்துவிடலாம்.

இப்போது நெசவாளியின் கேள்விக்கு வருகிறேன். பகல் முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

ட்விட்டரில் 2021இல் பேர்ட்வாட்ச் என்று தொடங்கி இப்போது சமூகக் குறிப்புகள் என்று நடப்பதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஒரு பதிவுக்கு விளக்கக் குறிப்பு எழுதினால், எத்தனை பேர் அதை ஆதரித்தார்கள் என்று மட்டும் எண்ணுவதில்லை. வழக்கமாக ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்களா என்று பார்க்கிறார்கள். ஒரே மாதிரி வாக்களிக்கும் ஆயிரம் பேரின் ஆதரவு பெரிதாக எடையேறாது. எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் சிலரின் ஆதரவு எடையேறும். அதன் நிரலை எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதன் எளிய வடிவம்தான். தங்களுக்குள்ளேயே அதிகம் வாக்குப் போட்டுக்கொள்கிறவர்களை ஒரு கொத்து என்று வைத்துக்கொண்டு, ஒரே கொத்திலிருந்து வருகிற வாக்குகளின் எடையைக் குறைத்துக்கொண்டே போங்கள், வர்க்கமூலம் எடுத்தாலே போதும். ஒரே கொத்திலிருந்து 36 வாக்கு வந்தால் 6. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த ஒன்பது வாக்கு ஒன்பதாகவே இருக்கும். யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை, பூஜ்யமும் ஆக்க வேண்டியதில்லை. தச்சன்மகளும் தோழிகளும் ஒருவருக்கொருவர் போட்டது கொஞ்சமாக எண்ணப்படும். வெளியாள் ஒருவர் வந்து அவர்கள் பதிலைப் பாராட்டிய நாளில் அது முழுதாக எண்ணப்படும். போலிகளுக்கு அந்த வெளியாள் வரமாட்டார்.

தச்சன்மகள் | செவ்வாய், இரவு 9:12

இப்படி இருந்திருந்தால் எங்களுக்கு வருத்தமே இருந்திருக்காது. மெதுவாக ஏறியிருப்போம், அவ்வளவுதான். ஒரு திருத்தம் மட்டும்: வெளியாள் வருவதற்கு அந்தப் பதில் கண்ணில் பட வேண்டுமே? மூன்றாம் பக்கத்தில் கிடந்தால் யார் வந்து பாராட்டுவார்கள்?

பழைய மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9:40

மகள் சரியாகப் பிடித்தார். பெயர் மாற்றிக்கொள்வது இலவசமாக இருக்கும் இடத்தில் புதியவர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதாகிறது, அந்தச் செலவைக் கட்டுவது நேர்மையான புதியவர்கள்தான். 2001இல் ஒரு பொருளாதார ஆய்விதழிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். என் மன்றத்தில் தினமும் பத்துப் புதியவர்களின் பதிவை, வரிசை எதுவும் பார்க்காமல், பழைய உறுப்பினர்களின் கண்ணில் படும்படி வைத்தோம். அவர்களும் சலிக்காமல் படித்தார்கள்.

நெசவாளி | இருபத்தாறு நாள் கழித்து, ஞாயிறு, காலை 10:00

என்ன செய்தோம் என்று சொல்ல வந்தேன்.

மொத்த மதிப்பெண் போய்விட்டது. ஒவ்வொரு துறைக்கும் தனி மதிப்பு. வலைத்தள வடிவமைப்பில் நல்ல பெயர் எடுத்தவர் டிஸ்க் மீட்பில் புதியவராகவே கருதப்படுவார். இது இங்கே யாரும் சொல்லவில்லை, எங்கள் நான்காம் இடத்துக்காரரின் பதில்களைத் திரும்பப் படித்தபோது எங்களுக்கே தோன்றியது. அவர் டிஸ்க் பற்றி முன்பு எழுதியதே இல்லை.

விதை உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர். நாங்கள் நால்வரும் எங்களுக்குத் தெரிந்தவர்களையே முதலில் எழுதினோம். தச்சன்மகள் சொன்னது நினைவுக்கு வந்து பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒன்றோடொன்று பழக்கமில்லாத கொத்துகளாகப் பார்த்து ஆளுக்கு ஆள் தேடினோம். அதற்கே ஒரு வாரம் ஆனது. பழைய வாக்குகளின் எடை வருடத்துக்குப் பாதியாகக் குறையும். வர்க்கமூலம் வைத்தோம். முதல் ஆறு மணி நேரம் எண்ணிக்கை தெரியாது. அதற்குப் பிறகும் எண் வராது, சொல் மட்டும்தான்.

தரவை அழிக்கக்கூடிய கட்டளை இருக்கும் பதிலை வரிசையிடம் விடவே இல்லை. அந்தத் துறையில் மதிப்புள்ள இருவர் படித்துப் பார்த்தோம் என்று குறிக்கும்வரை அதன் மேல் சிவப்பு எச்சரிக்கை இருக்கும்.

பழைய தரவை இந்த முறையில் ஓட்டிப் பார்த்தோம். அந்தக் கேள்வியில் தவறான பதில் கடைசிக்குப் போனது. இரண்டே வாக்கு வாங்கிய சரியான பதில் முதலிடம். அந்த இரண்டு வாக்கும் இரண்டு வெவ்வேறு மூலையிலிருந்து வந்தவை.

தச்சன்மகள் | ஞாயிறு, காலை 10:45

விதை உறுப்பினர்கள் யார் யார் என்று வெளியே தெரியுமா? யாருக்காவது தவறாக எடை குறைந்தால் அவர் யாரிடம் கேட்பது?

நெசவாளி | ஞாயிறு, காலை 11:20

பதினெட்டுப் பெயர்களும் பொதுவில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேர் மாறுவார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் "என் வாக்குகள் எப்படி எண்ணப்பட்டன" என்பதைத் திறந்து பார்க்கலாம். எந்தக் கொத்தில் சேர்க்கப்பட்டார், ஏன் என்று அதில் இருக்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே எழுதலாம். நால்வரில் ஒருவர் மூன்று நாளைக்குள் தன் பெயரைப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். கணினி சொன்னது என்று பதில் எழுதக் கூடாது என்பதை எங்களுக்குள் விதியாக்கிக்கொண்டோம்.

இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டில் நாங்கள் தவறு, திருத்திவிட்டோம்.

கடலோடி | ஞாயிறு, பகல் 12:05

கொத்து பிரிக்கும் நிரலைப் பார்க்கக் கிடைக்குமா? என் சின்ன வலையமைப்பிலும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

நெசவாளி | ஞாயிறு, பகல் 12:12

சனிக்கிழமைக்குள் துடைத்துச் சரிசெய்து இங்கேயே போடுகிறேன். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முந்நூறுக்குக் கீழே என்றால் கொத்து பிரிக்க வேண்டாம், பதினெட்டுக்குப் பதில் ஐந்து விதை போதும்.